பேராயர் ரொமேரோ உயிர்விட்டது வேதத்துக்காகவா, அரசியலுக்காகவா?

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். எல் சால்வடோர் நாட்டுப் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவை 1980-இல் சுட்டுக் கொன்றார்கள். "இயேசுவை மறுதலி, விட்டுவிடுகிறேன்" என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஏழைகளுக்காக அரசாங்கத்தோடு மோதினார், அதனால் செத்தார். அது அரசியல் கொலைதானே? அவரை மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், என்று பீடத்தில் ஏற்றலாமா? இது முதல் பாதி. இரண்டாவது, காவலில் இறந்த நம் நாட்டுக் குரு ஸ்டேன் சுவாமி போன்றவர்களையும் இதே கணக்கில் சேர்க்கலாமா?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். எங்கள் பாட்டி காலத்தில் 'வேதசாட்சி' என்பார்கள். சீர்திருத்த சபையினர் 'இரத்தசாட்சி' என்கிறார்கள். இப்போது கத்தோலிக்கர் புழங்குவது 'மறைசாட்சி'. முன்னால் வருவது மாறுகிறது, 'சாட்சி' அப்படியே நிற்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் வழக்கு மன்றத்தில் 'நான் பார்த்தேன்' என்று சொல்கிறவர் என்பதுதான் பொருள். உயிர்ப்பலி என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ரொமேரோவைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய அர்த்தம்தான் எனக்கு உதவியது.

விசுவாசத்தை மறுதலிக்க மறுத்தால்தான் மறைசாட்சி என்ற எண்ணமும் அவ்வளவு உறுதியானது இல்லை. 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் இதைக் கேள்வியாக எழுப்பி விடை சொல்லியிருக்கிறார். திருமுழுக்கு யோவானிடம் யாரும் விசுவாசத்தை மறுக்கச் சொல்லவில்லை. "உன் சகோதரன் மனைவியை நீ வைத்திருப்பது முறையல்ல" என்று ஏரோதின் முகத்துக்கு நேரே சொன்னார், தலை போயிற்று. ஆனாலும் திருச்சபை அவரை மறைசாட்சியாகத்தான் கொண்டாடுகிறது. கடவுளை முன்னிட்டுச் செய்யும் எந்த நற்செயலும் மறைசாட்சியத்துக்குக் காரணமாகலாம் என்பது அக்குவினாஸின் முடிவு.

நம் ஓரியூர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசிய சேசு சபைக் குரு) கதையும் கிட்டத்தட்ட இதேதான். மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் அரண்மனையில் போய் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். அரண்மனைக் கௌரவம், குடும்பச் சண்டை, மறவர் சீமை அரசியல் எல்லாம் அதில் உண்டு. அதற்காக அவரை 'அரசியல் பலி' என்று நாம் யாரும் சொல்வதில்லை. ரொமேரோ விஷயத்தில் மட்டும் ஏன் நமக்கு அந்தத் தயக்கம் வருகிறது?

சரி, ரொமேரோவுக்கு வருவோம்.

எல் சால்வடோர் மிகச் சின்ன நாடு. தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குகூட வராது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் காப்பித் தோட்டங்களுக்காக ஊர்ப் பொது நிலங்களைச் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். நிலம் சில குடும்பங்களின் கைக்குப் போனது, மற்றவர்கள் கூலிகளானார்கள். 1932-இல் எழுந்த கிளர்ச்சியை ராணுவம் அடக்கியபோது பல்லாயிரம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் பழங்குடிகள். அந்த நாட்டில் அந்த நிகழ்வுக்குப் பெயரே 'படுகொலை'தான். அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு ராணுவம் ஆண்டது, தோட்டக்காரர்கள் செல்வாக்கோடு வாழ்ந்தார்கள்.

ரொமேரோ 1917-இல் பிறந்தவர். சிறு வயதில் தச்சு வேலை பழகினார், ரோமில் படித்தார், 1942-இல் அங்கேயே குருவானார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சான் மிகேல் மறைமாவட்டத்தில் பணி. படிப்பாளி, கூச்ச சுபாவம், ஒழுங்குமுறையில் கறார். 1968-இல் மெதயீன் நகரில் கூடிய லத்தீன் அமெரிக்க ஆயர்கள் ஏழைகள் பக்கம் திரும்பிப் பேசத் தொடங்கியபோது, அந்தப் பேச்சைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களில் இவரும் ஒருவர். 1977 பிப்ரவரியில் இவரைப் பேராயராக்கியதும் தோட்ட முதலாளிகளுக்கு நிம்மதி, கிராமங்களில் வேலை செய்த இளம் குருக்களுக்குத் துக்கம். இதை நான் வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். ரொமேரோவைப் பிறவிப் புரட்சிக்காரராகச் சுவரொட்டியில் வரைகிறவர்களும் சரி, மார்க்சியவாதி என்று திட்டியவர்களும் சரி, இந்த முதல் அறுபது ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

ஒரே நாளில் மாறிவிடவும் இல்லை. 1974-இல் சந்தியாகோ தெ மரியா என்ற காப்பி மலை ஊருக்கு ஆயராகப் போனார். அறுவடைக் காலத்தில் காப்பிப் பழம் பறிக்க வந்த கூலிகள் ராத்திரிக் குளிரில் ஊர்ச் சதுக்கத்தில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். மறைமாவட்டக் கட்டடங்களைத் திறந்து அவர்களை உள்ளே படுக்கவைத்தார். 1975 ஜூனில் ட்ரெஸ் காயேஸ் என்ற கிராமத்தில் தேசியக் காவல்படை நள்ளிரவில் வீடு புகுந்து விவசாயிகளைக் கொன்றது. ரொமேரோ போய்க் குடும்பங்களைப் பார்த்தார், ஆறுதல் சொன்னார். அப்புறம் ஜனாதிபதிக்குக் கண்டனம் தெரிவித்துக் கடிதம் எழுதினார், ஆனால் தனிப்பட்ட கடிதம். வெளியே பேசவில்லை. பார்த்தவர்தான், இன்னும் சாட்சி ஆகவில்லை.

பேராயராகி மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில் அது மாறியது. ருத்திலியோ கிராந்தே என்ற சேசு சபைக் குரு அவருடைய நண்பர். அகிலாரேஸ் என்ற கரும்புத் தோட்டப் பகுதியின் பங்குத்தந்தை. எழுதப் படிக்கத் தெரியாத கூலிகளை வட்டமாக உட்காரவைத்து, நற்செய்தியை வாசித்து, "இதில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்கும் முறை அவருடையது. அவர்களிலிருந்தே உபதேசியார்களை உருவாக்கினார். கூலிகள் பேசத் தொடங்கினார்கள் என்பதுதான் தோட்டக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1977 பிப்ரவரி 13 அன்று அபோபா ஊரில் ஒரு மறையுரையில், சீக்கிரமே இந்த நாட்டு எல்லைக்குள் பைபிளை விடமாட்டார்கள், அட்டை மட்டும்தான் வரும், உள்ளே இருக்கும் பக்கமெல்லாம் அரசுக்கு எதிரானது என்றார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 12 சாயங்காலம், பிறந்த ஊரான எல் பைஸ்னாலுக்குப் பூசை வைக்க வண்டியில் போனவரை வழியில் சுட்டுக் கொன்றார்கள். வண்டியில் இருந்த மானுவேல் சொலோர்சானோ என்ற 72 வயது முதியவரும், நெல்சன் லெமுஸ் என்ற வலிப்பு நோய் உள்ள 16 வயதுப் பையனும் கூடவே செத்தார்கள். அந்த இருவர் பெயரையும் நினைவில் வையுங்கள்.

அன்றிரவே ரொமேரோ அகிலாரேஸ் போய் மூன்று உடல்களையும் பார்த்தார். அடுத்து அவர் எடுத்த முடிவு நம் ஊர் ஆயர்களுக்கும் கனமாகத்தான் இருக்கும். மார்ச் 20 ஞாயிறன்று உயர்மறைமாவட்டம் முழுக்க எந்தக் கோவிலிலும் பூசை இல்லை, பேராலயத்தில் ஒரே ஒரு பூசை என்று அறிவித்தார். திருத்தந்தையின் தூதர் வேண்டாம் என்றார். ரொமேரோ கேட்கவில்லை. லட்சம் பேர் கூடியதாகச் சொல்வார்கள். கொலையை விசாரிக்கும்வரை அரசு விழா எதிலும் கலந்துகொள்ள மாட்டேன் என்றும் சொன்னார். ஜூலையில் புது ஜனாதிபதி பதவியேற்ற விழாவுக்குப் போகவில்லை. சாகும்வரை அந்த வார்த்தையைக் காப்பாற்றினார், ஏனென்றால் விசாரணை நடக்கவே இல்லை. 'தேசபக்தனாக இரு, ஒரு பாதிரியைக் கொல்' என்று அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் தலைநகரில் சுற்றிய காலம் அது.

அடுத்த மூன்று ஆண்டு அவர் என்ன செய்தார் என்று கேட்டால், என் பதில் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: பெயர் வாசித்தார்.

ஞாயிறு தோறும் பேராலயத்திலிருந்து அவர் மறையுரை மறைமாவட்ட வானொலியில் வரும். ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். முதலில் அன்றைய வாசகங்களுக்கு விளக்கம், பொறுமையான, கொஞ்சம் பாடப்புத்தகத் தொனி உள்ள விளக்கம். அப்புறம் திருச்சபைச் செய்திகள். கடைசியில் அந்த வார நடப்பு: எந்த ஊரில், எந்தத் தேதியில், யாரைக் கொன்றார்கள், யாரை ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், யார் இன்னும் திரும்பவில்லை. பிள்ளையின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் பேராயர் அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். மறைமாவட்டத்தின் சட்ட உதவி மையத்தில் இருந்தவர்கள் விவரத்தைக் குறித்து, விசாரித்து, சரிபார்த்துக் கொடுப்பார்கள். அதைத்தான் பீடத்திலிருந்து வாசித்தார். பத்திரிகைகள் வாய் திறக்காத, நீதிமன்றங்கள் வழக்கை எடுக்காத நாட்டில் அந்த வானொலி ஒன்றுதான் சாட்சிக் கூண்டு. ஒலிபரப்பு நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப வெடிகுண்டு வைத்தார்கள்.

இதில் ஒருதலைப்பட்சம் இருந்ததா? இடதுசாரிக் கெரில்லாக்கள் ஆட்களைக் கடத்தியதையும் கொன்றதையும் அதே மறையுரைகளில் கண்டித்தார். 1979 ஆகஸ்டில் எழுதிய சுற்றுமடலில் நாட்டைப் பிடித்திருக்கும் விக்கிரகங்கள் என்று மூன்றைச் சொன்னார்: சொத்து, தேசப் பாதுகாப்பு, மூன்றாவதாக இயக்கம். மக்கள் இயக்கம்கூடத் தன்னையே கடவுளாக்கிக்கொண்டால் அது விக்கிரகம்தான் என்கிறார். முதல் இரண்டுக்காக வலதுசாரிகள் கோபித்தார்கள், மூன்றாவதுக்காக இடதுசாரிகள் முகம் சுளித்தார்கள். அரசியல்வாதி இப்படி இரண்டு பக்கமும் ஓட்டை இழக்கமாட்டார். 'என்னையன்றி உனக்கு வேறு தெய்வம் இருக்கலாகாது' என்பதை நடப்புக்கு வைத்துப் படித்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

"சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்" என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. அவருடைய சக ஆயர்களில் பெரும்பாலோர் அந்தப் பழமொழிப்படி நடந்தார்கள். இவருக்கு எதிராக ரோமுக்குப் புகார் போய்க்கொண்டே இருந்தது. ஆயர்களில் உறுதியாகக் கூட நின்றவர் ரிவேரா தாமாஸ் ஒருவர்தான்.

'தியாகம்' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். ரொமேரோ சாவைத் தேடிப் போனவர் அல்ல. பயந்தார். 1980 பிப்ரவரியில் செய்த கடைசித் தியானத்தின் குறிப்புகளில் அந்தப் பயத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன்னோடு யாரும் சாக வேண்டாம் என்று தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு போவார். அரசு பாதுகாப்புத் தருகிறேன் என்றபோது, மக்களுக்கு இல்லாத பாதுகாப்பு மேய்ப்பனுக்கு வேண்டாம் என்றார். மாளிகையில் தங்கவில்லை. புற்றுநோயாளிகளுக்காகக் கார்மேல் சபைக் கன்னியர் நடத்திய தெய்வீகப் பராமரிப்பு மருத்துவமனை வளாகத்தில் ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான். ("என்னைக் கொன்றால் என் மக்களில் உயிர்த்தெழுவேன்" என்ற வாசகத்தை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். அவர் இறந்த பிறகு ஒரு பத்திரிகையாளர் வெளியிட்டது அது, அவர் சொன்னதுதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கும் அவருடைய தொனியாகப் படவில்லை. பயந்த மனிதராக அவரைப் பார்ப்பதே எனக்குப் போதும்.)

1980 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டருக்குக் கடிதம் எழுதி, எல் சால்வடோர் ராணுவத்துக்கு உதவி அனுப்பாதீர்கள் என்று கேட்டார். மார்ச் 23 ஞாயிறு மறையுரையில் நேரடியாகச் சிப்பாய்களிடமே பேசினார். அவர்களும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான். "உங்கள் சொந்தச் சகோதரர்களைத்தான் கொல்கிறீர்கள், கொலை செய்யாதே என்ற கடவுளின் சட்டத்துக்கு எதிரான கட்டளைக்கு எந்தச் சிப்பாயும் பணிய வேண்டியதில்லை" என்றார். "கடவுளின் பெயரால் கேட்டுக்கொள்கிறேன், மன்றாடுகிறேன், கட்டளையிடுகிறேன்: அடக்குமுறையை நிறுத்துங்கள்!" என்று முடித்தார்.

மறுநாள் மாலை மருத்துவமனைச் சிற்றாலயத்தில், ஒரு தாயின் நினைவு நாளுக்காகப் பூசை. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் அது அப்படியேதான் இருக்கும் என்ற யோவான் நற்செய்திப் பகுதி அன்றைய வாசகம். மறையுரையை முடித்துக் காணிக்கைக்குத் திரும்பும் நேரம், வாசலில் வந்து நின்ற சிவப்பு காரிலிருந்து ஒரே குண்டு. மார்ச் 30, குருத்து ஞாயிறன்று நடந்த அடக்கத்தில் வெடிகுண்டு வெடித்தது, துப்பாக்கிச் சூடு, நெரிசல், அதில் இன்னும் பலர் செத்தார்கள். அடுத்த பன்னிரண்டு ஆண்டு உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர்.

இப்போது உங்கள் கேள்வியின் முடிச்சு. திருச்சபைச் சட்டப்படி மறைசாட்சி என்று அறிவிக்க, கொன்றவர் 'விசுவாசத்தின்மீதான வெறுப்பால்' கொன்றார் என்று காட்ட வேண்டும். ரோமைப் பேரரசர்கள் காலத்தில் அது எளிது. எல் சால்வடோரில் கொன்றவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், கிறிஸ்தவ நாகரிகத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டவர்கள். கத்தோலிக்கர் ஒருவர் பேராயரை விசுவாச வெறுப்பால் கொன்றார் என்று எப்படிச் சொல்வது? பல ஆண்டு இழுபறிக்கு இது ஒரு காரணம். மறையுரைகளை வரிவரியாக ஆராய்ந்தது இன்னொன்று. புனிதராக்கினால் இடதுசாரிகள் கொடியில் ஒட்டிக்கொள்வார்கள் என்ற பயம் மூன்றாவது. கடைசியில் 2015 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை மறைசாட்சி என்று ஏற்றார். விசுவாசத்திலிருந்து பிறக்கும் நீதியையும் அன்பையும் வெறுத்துக் கொல்வதும் விசுவாசத்தை வெறுத்துக் கொல்வதுதான் என்ற புரிதல் அதன் பின்னால் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம், 2018 அக்டோபர் 14 அன்று புனிதர் பட்டம். அன்றைய பூசையில் ரொமேரோவின் இரத்தக் கறை படிந்த இடைக்கயிற்றைத்தான் பிரான்சிஸ் கட்டியிருந்தார். இறந்த பிறகும் குருக்களும் ஆயர்களும் அவரை அவதூறு செய்தார்கள், அதுவும் அவருடைய மறைசாட்சியத்தின் தொடர்ச்சி என்று 2015-இல் பிரான்சிஸ் வெளிப்படையாகவே சொன்னார். லண்டனில் ஆங்கிலிக்கன் சபையினர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய முகப்பில் 1998-இலேயே ரொமேரோவுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். நம் சபைக்கு இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

ஸ்டேன் சுவாமி பற்றி: திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த சேசு சபைக் குரு, ஜார்க்கண்டில் பல பத்தாண்டுகள் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். விசாரணையில்லாமல் சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களின் விவரங்களைத் திரட்டியவர். 2020 அக்டோபரில் கைதாகி, வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவர் மறைசாட்சியா என்று அறிவிக்கும் அதிகாரம் எனக்கோ உங்களுக்கோ இல்லை. தோட்டாவால் நடந்த சாவும் இதுவும் ஒன்றல்ல, அவசரமாக ஒப்பிடுவது இருவருக்குமே நியாயம் செய்யாது. ஆனால் செய்த வேலையை மட்டும் பாருங்கள். உள்ளே கிடப்பவர்களின் கணக்கெடுத்து வெளியே சொல்வது. எல் சால்வடோர் தலைநகரான சான் சால்வடோரில், ரொமேரோவின் சட்ட உதவி மையத்தில் நடந்ததும் அதுதான்.

இன்னொன்று. ரொமேரோ ஒருவரை மட்டும் பேசினால் கதை பேராயர் கதையாகிவிடும். அந்த நாட்டில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயர் தெரியாத விவசாயிகள், உபதேசியார்கள், பைபிள் வைத்திருந்த குற்றத்துக்காகக் காணாமல் போனவர்கள். 1980 டிசம்பர் 2 அன்று நான்கு அமெரிக்கப் பெண்களை, மூன்று கன்னியர், ஒரு பொதுநிலைப் பணியாளர், தேசியக் காவல்படையினர் கடத்திக் கொன்றார்கள். அகதிகளுக்குச் சோறு கொண்டுபோனவர்கள். 2022 ஜனவரி 22 அன்று ருத்திலியோ கிராந்தே அருளாளரானபோது அந்த முதியவர் மானுவேலும் பையன் நெல்சனும் அவரோடு சேர்ந்தே அருளாளர் ஆனார்கள். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

நீதி கிடைத்ததா என்றும் கேட்பீர்கள். 1993 மார்ச் 15 அன்று ஐ.நா. உண்மை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. ரொமேரோவைக் கொல்ல உத்தரவிட்டவர் முன்னாள் ராணுவ அதிகாரி ரொபெர்டோ டொபுய்ஸோன் என்று பெயர் சொல்லி எழுதியது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே புற்றுநோயில் இறந்துவிட்டார். அறிக்கை வந்த ஐந்தாம் நாள் நாடாளுமன்றம் பொது மன்னிப்புச் சட்டம் போட்டது. 2016-இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரொமேரோ கொலைக்காக அந்த நாட்டில் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அவர் இறந்த மார்ச் 24-ஐ, மனித உரிமை மீறல்கள் பற்றிய உண்மையை அறியும் உரிமைக்கான நாளாக ஐ.நா. 2010-இல் அறிவித்தது.

அதே ஆணைய அறிக்கையில் இன்னொரு பகுதி இருக்கிறது. 1989 நவம்பர் 16 அதிகாலை, மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் ராணுவம் புகுந்து, துணைவேந்தர் இக்னாசியோ எயாகுரியா உள்பட ஆறு சேசு சபைக் குருக்களைக் கொன்றது. மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு: எயாகுரியாவைத் தீர்த்துவிடு, சாட்சி யாரையும் விட்டுவைக்காதே. அந்த இரவு சண்டைக்குப் பயந்து அங்கேயே தங்கியிருந்த சமையல்காரப் பெண் எல்பா ராமோஸையும் மகள் செலினாவையும் அதனால்தான் கொன்றார்கள். அரசாங்கம் பழியைக் கெரில்லாக்கள்மேல் போட்டது. ஆனால் பக்கத்து வீட்டில் ஒதுங்கியிருந்த லூசியா செர்னா என்ற துப்புரவுப் பணியாளர், சன்னல் வழியாகச் சீருடைக்காரர்களைப் பார்த்துவிட்டார். நான் பார்த்தேன் என்று சொல்லவும் செய்தார். பாதுகாப்புக்கென்று மியாமிக்குக் கூட்டிப்போய், நாள் கணக்கில் குறுக்கு விசாரணை செய்து, அவர் வாயாலேயே இல்லை என்று சொல்லவைத்தார்கள். பிறகு, ஆம், பார்த்தேன் என்றே மறுபடியும் சொன்னார்.